சாவியை ஒளித்தவள்

“மகாராணி இன்னைக்கும் கிளம்பியாச்சா?”

காலை ஆறரை மணி. செருப்பை மாட்டக் குனிந்தவளின் முதுகில் வந்து விழுந்தது அந்தக் கேள்வி. அவள் நிமிரவில்லை. நாத்தனார் அவளிடம் நேராகப் பேசி நாலு மாதமாகிறது. பேசுவதெல்லாம் சுவரிடமும் கதவிடமும்தான்.

“அம்பத்திரண்டு வயசுல காலங்காத்தால எங்க போறா, எதுக்குப் போறான்னு இந்த வீட்ல யாராவது கேக்கறாங்களா? நான் கேட்டா மட்டும் பொல்லாதவ! என் கூடப் பொறந்தவ சாகக் கிடந்தப்ப கார் சாவிய ஒளிச்சு வெச்சவதானே... அவகிட்ட எந்த மனசைத் தேடறது!”

கூடத்தில் அவள் கணவர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று அவள் ஒரு நொடி நின்றாள். தாள் ஒரு பக்கம் புரண்டது. அவ்வளவுதான்.

பல் துலக்கிக்கொண்டே மகன் எட்டிப் பார்த்தான். “விடுங்க அத்தை. அவங்க யார் சொல்லிக் கேட்டிருக்காங்க?”

அவங்க! பெற்றவளை அவன் ‘அம்மா’ என்று கூப்பிட்டும் நாலு மாதம்தான். அவள் தையல் ஆலையில் இரண்டு ஷிப்ட் பார்த்த வருடங்களில் அவனுக்குச் சோறூட்டி, தோளில் போட்டுத் தூங்க வைத்தது அத்தைதான். இளவயதில் கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்து சேர்ந்த அத்தை. அவன் அந்தப் பக்கம் நிற்பதில் அவளுக்குக் கோபமில்லை. வலித்தது, அவ்வளவுதான்.

கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். இன்று அவளுக்கு டிரைவிங் லைசென்ஸுக்கான இரண்டாவது ரோடு டெஸ்ட். அது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அவள் கணவர் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது, ஒரு புகார் கிடையாது. தெருவே அவரைப் ‘பைலட்’ என்றுதான் கூப்பிடும். ஓய்வு பெற்ற மறுவருடம் கண் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். “நேரா இருக்கிறது தெரியும்மா. ரெண்டு பக்கமும் பார்வை போயிடுச்சு. இனிமே இவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.”

வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிப் படியிலேயே அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “யாருக்கும் தெரிய வேணாம்... எம்மேல சத்தியம் பண்ணு. குருட்டுப் பைலட்டுன்னு ஊர் சிரிச்சா நான் உசுரோட இருக்கமாட்டேன்!”

அவள் சத்தியம் செய்தாள். அன்றைக்கே கார் சாவியையும் ஒளித்து வைத்தாள்.

பதினைந்து நாள்கூட ஆகவில்லை. கொட்டுகிற மழையில், ஒரு சாயங்காலம், கணவரின் கடைசித் தங்கை பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறுகிறாள் என்று போன் வந்தது.

“சாவி எங்கடி?” நாத்தனார் அலறினாள்.

“தரமாட்டேன் அண்ணி. வாடகை வண்டி வரட்டும்.”

“பைலட் வீட்ல இருக்கும்போது வாடகை வண்டியா! உனக்கென்ன பைத்தியமா?”

வண்டி வர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. போய்ச் சேர்ந்தபோது தங்கையின் முகத்தை மூடியிருந்தார்கள். சாவு வீட்டில் அத்தனை சொந்தத்துக்கும் முன்னால் நாத்தனார் அவளை நோக்கிக் கைநீட்டி அழுதாள். “இவதான்... என் தங்கச்சிய கடைசியா ஒரு தடவை பார்க்க விடாதவ இவதான்!”

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளும் வாய் திறக்கவில்லை. சத்தியம் செய்திருந்தாளே.

மறுவாரமே டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். மகன் இரு சக்கர வண்டியோடு நின்றுவிட்டவன். இன்னொரு முறை இந்த வீட்டில் யாரும் வண்டிக்காகத் தவித்து நிற்கக்கூடாது என்று தோன்றியது. அதைக்கூடச் சொல்ல முடியவில்லை. ‘பைலட் இருக்க நீ எதுக்கு?’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

“கிளட்ச்சை மெதுவா விடுங்கம்மா... அவசரமே இல்ல.” அந்த நாலு மாதத்தில் அவளிடம் யாராவது அன்பாகப் பேசினார்கள் என்றால் அது டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்தான். நாளில் அரைமணி நேரம். ‘நல்லா திருப்பினீங்க’ என்று அவர் சொன்ன ஒரு நாள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

முதல் டெஸ்ட்டில் மேட்டில் வண்டி அணைந்து பின்னால் உருண்டது. “அடுத்த மாசம் வாங்க” என்றார் அதிகாரி. அன்றும் வீட்டுக்குப் போய் எல்லோருக்கும் சமைத்துப் போட்டாள். தனக்குத் தட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

இன்று அதே அதிகாரி. அதே சிரிக்காத முகம். மேட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு பாதி கிளட்ச்சில் நிறுத்தினாள். வண்டி அசையாமல் நின்று, பிறகு குழந்தை போல மேலேறியது. கடைத்தெருவில் திரும்பும்போது, நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து மூட்டையோடு ஒருவர் சட்டென்று ரோட்டில் இறங்கினார். அவர் முழுதாக வெளியே வருமுன்பே அவள் கால் பிரேக்கில் இருந்தது.

“அந்தாளை எப்படிம்மா பார்த்தீங்க? எனக்கே தெரியல.”

“ஓரத்துலயே கண்ணு போகும் சார்... பழகிடுச்சு.”

கணவரோடு நடக்கும்போதெல்லாம் அவருக்குத் தெரியாத இரண்டு பக்கங்களையும் அவள்தானே பார்த்துக்கொண்டு வந்தாள்! அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். “பாஸ்.”

வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்ச். தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். யாருக்குச் சொல்வது? பெயர்களை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். ஒரு பெயரிலும் விரல் நிற்கவில்லை. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

தெருமுனையிலேயே கூட்டம் தெரிந்தது. அவள் ஓடினாள்.

அவர்கள் வீட்டு கேட் தூண் சாய்ந்து கிடந்தது. கார் பாதி உள்ளேயும் பாதி ரோட்டிலுமாக நின்றது. இடது பக்கம் முழுக்கக் கிழிந்திருந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கணவர் அழுதுகொண்டிருந்தார்.

அவளைக் கண்டதும் நாத்தனார் ஓடிவந்தாள். “பரண்மேல பழைய சர்க்கரை டப்பால சாவிய பார்த்தேன்... தங்கச்சி இருந்த வீட்டுக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போடான்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்... ‘தூணு, தூணு’ன்னு கத்தறேன், அவனுக்குத் தெரியவே இல்லம்மா! அப்புறம்தான் எல்லாத்தையும் சொன்னான்...” குரல் உடைந்தது. “ஏம்மா... அன்னைக்கே சொல்லியிருக்கக்கூடாதா? அந்த மழைல இவன் ஓட்டியிருந்தா நாங்க யாருமே உசுரோட போய்ச் சேர்ந்திருக்கமாட்டோமே! உன்னைப் போயி... நாலு மாசமா... என் நாக்கு அழுகிப் போகட்டும்!”

“அப்படிச் சொல்லாதீங்க அண்ணி.”

ஆனால் அவள் கணவரிடம் போனபோது குரல் கெட்டியாகத்தான் இருந்தது. “சாவு வீட்ல அத்தனை பேர் பார்க்க நான் குற்றவாளி மாதிரி நின்னேனே... சத்தியம் என்னைத்தான் கட்டிப் போட்டுச்சு. உங்களை எதுங்க தடுத்துச்சு?”

அவர் இறங்கி வந்தார். தெருவில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “பயம்” என்றார். “எனக்குக் கண்ணு தெரியலன்னா நான் யாருமே இல்லன்னு பயம். உன்னை முன்னால நிறுத்திட்டு நான் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். தப்புதான்... பெரிய தப்பு.” அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனை அவளிடம் நீட்டினார்.

“அம்மா...” என்றான் மறுமுனையில். “நான் வர்றேம்மா. இப்பவே வர்றேன்.”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நாத்தனார் அவளை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் ரோடு என்றும் பாராமல் அழுதார்கள்.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. “வண்டிய எடுங்கம்மா, வழிய மறிச்சிருக்கு!”

எல்லோரும் பைலட்டைப் பார்த்தார்கள். அவர் மாட்டேன் என்று தலையசைத்து விலகி நின்றார். “நான் எடுக்கறேன், இன்னைக்குத்தான் டெஸ்ட்ல பாஸ் பண்ணினேன்” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரும் இல்லாமல் முதல் தடவை. ரிவர்ஸ் போட்டாள். நாத்தனார் சாய்ந்த தூணோரம் போய் நின்று கையை ஆட்டினாள்.

“வா... வா... இன்னும் வரலாம்... மெதுவா... போதும், நிறுத்து!”

கார் உள்ளே வந்து நின்றது. லாரி கடந்து போனது, கூட்டமும் கலைந்தது. நசுங்கிய இடது கதவைச் சிரமப்பட்டுத் திறந்துகொண்டு நாத்தனார் உள்ளே ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எங்க போகணும் அண்ணி?”

“எங்கயும் வேணாம். கொஞ்ச நேரம் உங்கூட உட்கார்ந்திருக்கேன்.”