நாலாவது படியில் நின்றவள்

மிளகுக்கு வீட்டில் ஒரு முக்கியமான வேலை இருந்தது. தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலை.

கேட்கச் சுலபமாக இருக்கும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் புரியும். சாப்பாட்டு மேஜையில் அம்மாவும் அண்ணனும் அந்தப் பச்சைப் பலகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போதும், மிளகு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு "லாலாலா" என்று கத்துவாள். இரண்டு கையும் காதில் இருந்தால் எப்படிச் சாப்பிடுவது? அதனால் அப்பா ஊட்டிவிடுவார். பத்து வயதுப் பெண்ணுக்கு ஊட்டிவிடுவதைப் பார்த்து அண்ணன் சிரிப்பான்.

"சிரிக்காதடா. அவ வேலையில இருக்கா" என்பார் அப்பா.

ஆள் சின்னது, பேச்சு சுள்ளென்று இருக்கும். அதனால் அவளுக்கு மிளகு என்று பெயர் விழுந்துவிட்டது.

அம்மாவின் வேலை கையேடு எழுதுவது. உள்ளங்கை அளவில், பச்சை நிறத்தில் ஒரு மின்பலகை இருக்கிறது. தண்ணீர்க் குழாயைத் திறக்க, மின்விசிறியைச் சுழற்ற, மணி அடிக்க என்று எதற்கு வேண்டுமானாலும் அதைப் பழக்கலாம். மின்சாரம் வந்ததும் அதற்குள் ஒரு குட்டி நிரல் முதலில் கண்விழிக்கும். பிறகு மற்ற நிரல்களைத் தட்டி எழுப்பும். இப்படி எழுப்புகிற நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர்.

"அதாவது, நம்ம வீட்டுல உங்க அம்மா மாதிரி" என்பார் அப்பா.

இந்தப் பூட்லோடரை எழுதியவர்கள் அதற்குச் 'சேவல்' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். சேவல் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பல ஊர்களில் இருந்து பலர் திருத்திக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் திருத்தத் திருத்த, கையேட்டில் எந்தப் பக்கம் பழசாகிவிட்டது என்று பார்த்து மாற்றுவது அம்மாவின் பொறுப்பு.

அம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் முன்னால், பலகையைத் தொட்டே பார்க்காத ஒருவர், கையேட்டை மட்டும் படித்து அதை எழுப்பிக் காட்ட வேண்டும்.

"தெரிஞ்சவங்க படிச்சா, எழுதாததையும் தானா சேர்த்துப் படிச்சிடுவாங்க. தெரியாதவங்கதான் எழுதினதை மட்டும் படிப்பாங்க" என்பாள்.

முதலில் அப்பா படித்தார். அவர் பேருந்து ஓட்டுநர். "கேபிளை எந்தப் பக்கமா சொருகறது?" என்று கேட்டார். இரண்டாம் படியில் 'அகலமான பக்கம் மேலே இருக்கட்டும்' என்ற வரி வந்தது அவரால்தான். அடுத்து, தையல் கடை வைத்திருக்கும் அத்தை. "இதுக்குத் தலை எது, கால் எது?" என்று அவள் கேட்டதும் ஒரு படம் சேர்ந்தது. அப்புறம் அண்ணன். அவன் ஒரே நாளில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, அன்றிலிருந்து சட்டைப் பையில் பலகையோடு திரிகிறான்.

ஒருமுறை செய்துவிட்டால் அவ்வளவுதான். மறுபடி தெரியாதவராக ஆக முடியாது. வீட்டில் தெரியாதவர்கள் தீர்ந்துகொண்டே வந்து, கடைசியில் மிளகு மட்டும்தான் பாக்கி.

அந்தச் சனிக்கிழமை காலை, அம்மா பிரிக்காத புதுப் பெட்டி ஒன்றை மேஜையில் வைத்தாள். கணினியில் கையேட்டைத் திறந்தாள்.

"சாயங்காலம் ஆறு மணிக்குப் புதுப் பதிப்பு வெளியாகுது. அதுக்கப்புறம் எல்லாரும் இந்தப் பக்கத்தைத்தான் படிப்பாங்க. நீ எங்கேயாவது மேல போகத் தெரியாம நின்னா குறிச்சு வை."

"நீ எங்கம்மா போற?"

"அடுத்த அறைக்கு. நான் இங்க இருந்தா, என் புருவத்தைப் பார்த்தே நீ பாதி கண்டுபிடிச்சிடுவே."

அம்மா போய்விட்டாள். மிளகு கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

'படி 1: பெட்டியிலிருந்து பலகையையும் கேபிளையும் எடுக்கவும்.'

எடுத்தாள். கூடவே பஞ்சு மாதிரி ஒரு அட்டையும், உள்ளே கறுப்பாக ஏதோ பொடித்துண்டு இருந்த குட்டிக் கவரும் விழுந்தன. கையேடு அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டையும் குப்பைக் கூடையில் போட்டாள்.

இரண்டாம் படி முடிந்தது. மூன்றாம் படியும் முடிந்தது.

'படி 4: பச்சை விளக்கு இரண்டு முறை கண்சிமிட்டும்.'

மிளகு விளக்கைப் பார்த்தாள். மிளகுதான் கண்சிமிட்டினாள். விளக்கு சிமிட்டவில்லை.

கேபிளைக் கழற்றி மாட்டினாள். திரும்பவும் முதலில் இருந்து செய்தாள். ஒன்பது தடவை செய்து பார்த்தாள். பலகை கும்பகர்ணன் மாதிரி தூங்கியது. ஒரு வருஷமாகக் காதைப் பொத்தியது இதற்குத்தானா?

அந்த நேரம் பார்த்து அண்ணன் வாழைப்பழத்தோடு வந்தான்.

"என்ன, சேவல் கூவலையா?"

"போடா அண்ணா! நீ உதவி பண்ணக் கூடாது."

அவன் எட்டிப் பார்த்தான். பலகையின் ஓரத்தில் இரண்டு ஊசிகள் மொட்டையாக நின்றன.

"அடி மண்டு! தொப்பி எங்கடி?" என்றபடி சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்புத் துண்டை எடுத்து, இரண்டு ஊசிக்கும் சேர்த்து மேலே மாட்டினான். கேபிளைச் சொருகினான். சிமிட், சிமிட்! பச்சை விளக்கு எரிந்தது.

"இதுகூடவா தெரியாது?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

மற்ற படிகளை மிளகு வேகமாக முடித்தாள். அம்மா வந்து கேட்டாள்.

"எங்கேயாவது நின்னியா?"

'மண்டு' என்ற சொல் இன்னும் காதில் சூடாக இருந்தது.

"இல்லம்மா. கடகடன்னு முடிச்சிட்டேன்."

அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். "அப்பாடா! அப்போ கையேடு சரியாத்தான் இருக்கு."

மிளகுக்குக் கட்டிக்கொண்டது பிடிக்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு அப்பா வேலை முடிந்து வந்தபோது, அம்மா அவருக்கு ஒரு பெண்மணி அனுப்பிய மின்னஞ்சலைப் படித்துக் காட்டினாள். மிளகு பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"வணக்கம். நான் முப்பது வருஷமா நாற்றுப் பண்ணை வச்சிருக்கேன். செடிக்கு என்ன வேணும்னு பார்த்த உடனே சொல்லிடுவேன். ஆனா இந்தப் பலகை முன்னாடி நான் ஒரு மண்டு. நாலாவது படியில விளக்கு எரிய மாட்டேங்குது. உங்க கையேடு சரியாத்தான் இருக்கும், தப்பு என்மேலதான். இது வேலை செஞ்சா தண்ணி தானா பாயும்னு நினைச்சேன். இப்போ மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை நான்தான் ஓடிப்போய்க் குழாயைத் திறக்கறேன். ஆறு வருஷம் கழிச்சு என் தங்கச்சி திங்கட்கிழமை வர்றா. அவளைக் கூப்பிட ரயில் நிலையத்துக்குக்கூட நகர முடியாது போல. பலகையைத் திருப்பி அனுப்பிடறேன்."

"புகைப்படம் அனுப்பச் சொன்னியா?" என்று கேட்டார் அப்பா.

"அனுப்பினாங்களே. பாருங்க. செடி எல்லாம் அருமையா தெரியுது. பலகை கடுகளவுக்குத் தெரியுது."

"செடி நல்லா வந்திருக்கு" என்று அப்பா ஒப்புக்கொண்டார்.

"கேபிளை மாத்தச் சொல்லிப் பார்த்துட்டேன். இப்போ மிளகும் நிக்காம முடிச்சிட்டா. அப்போ அவங்க பலகைதான் பழுது. திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிடறேன்."

மிளகின் பென்சில் நின்றுவிட்டது.

நாலாவது படி. மண்டு. தப்பு என்மேலதான். எங்கோ ஓர் ஊரில், முகம் தெரியாத ஒரு அம்மா, மிளகு நின்ற அதே இடத்தில் நிற்கிறார். அவருக்கு வாழைப்பழத்தோடு வர ஓர் அண்ணன் இல்லை.

சொன்னால், காலையில் பொய் சொன்னது தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், ஆறு மணிக்கு மேல் இன்னும் எத்தனை பேர் அங்கே வந்து நிற்பார்கள்?

மிளகு எழுந்து ஓடினாள். குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்தாள். வாழைப்பழத் தோல், பென்சில் சீவல், பஞ்சு அட்டை... கடைசியில் அந்தக் குட்டிக் கவர். அதைக் கொண்டுவந்து அம்மாவின் கணினிமேல் வைத்தாள்.

"அம்மா, நான் நின்னேன்."

"எங்க?"

"நாலாவது படியில. ஒன்பது தடவை. அண்ணன்தான் தொப்பி மாட்டினான். இது பெட்டியில இருந்துச்சு. கையேட்டுல இல்லைன்னு குப்பையில போட்டுட்டேன்."

அம்மா கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவள் புருவம் மெதுவாக மேலே போனது.

"நம்ம வீட்டுப் பலகை எல்லாத்துலயும் தொப்பி முதல்லயே மாட்டியிருக்குமே! இப்போ வர்றதுல தனியா கவர்ல போட்டு அனுப்பறாங்களா? நான் பெட்டியைப் பிரிச்சே எவ்வளவோ நாளாச்சு." அப்புறம் மிளகைப் பார்த்தாள். "காலையில ஏன் சொல்லல?"

"நீ என்னை மண்டுன்னு நினைச்சிடுவியோன்னு."

"மண்டு நான்தான். ஏழு வருஷமா அந்தத் தொப்பியைப் பார்த்துப் பார்த்து, அது பலகையோடவே முளைச்சதுன்னு நினைச்சிட்டேன். சரி, பொய் சொன்னதுக்கு ஒரு குட்டு, நின்னதுக்கு ஒரு முத்தம். எது முதல்ல வேணும்?"

மிளகு யோசித்தாள். "குட்டு."

இரண்டும் கிடைத்தன. அம்மா தன் நாற்காலியை அவளுக்குத் தள்ளினாள். "உட்காரு. அந்தப் படியை நீயே எழுது."

மிளகு எழுதினாள்: 'தொப்பியை மாட்டவும்.'

அப்பா தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். "எந்தத் தொப்பி? என் வேலைத் தொப்பி அலமாரியில இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?"

மிளகு அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். நாலு தடவை அழித்து எழுதிய பிறகு அது இப்படி வந்தது:

'பெட்டியில் ஒரு குட்டிக் கவர் இருக்கும். குப்பை மாதிரி இருக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போட்டுவிட்டால் போய்த் தேடுங்கள். அதற்குள் பாதிப் பட்டாணி அளவில் ஒரு கறுப்புத் தொப்பி இருக்கும். பலகையின் ஓரத்தில் இரண்டு ஊசிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொப்பியை மாட்டுங்கள். விளக்கு அப்போதுதான் சிமிட்டும்.'

"நல்லா இருக்கு" என்றாள் அம்மா. "ஆனா இதையும் தெரியாதவங்க ஒருத்தர் படிச்சுப் பார்க்கணுமே. மணி அஞ்சே கால் ஆயிடுச்சு. வீட்டுலதான் எல்லாரும் தீர்ந்துட்டோமே!"

"அந்தப் பண்ணை அம்மா இருக்காங்களேம்மா!"

அம்மா உடனே அந்தப் படியை அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள்.

ஐந்தரை. பதில் இல்லை. ஐந்தே முக்கால். அண்ணன் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். தன்னால்தான் இந்தக் குழப்பம் என்று அவனுக்கும் புரிந்திருந்தது. ஆறு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது கணினி 'டிங்' என்றது.

"கவரை எப்பவோ உரக்குழியில போட்டுட்டேன்! முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினேன். கிடைச்சிடுச்சு. கழுவித் துடைச்சு மாட்டினேன். சிமிட்டுச்சு! ரெண்டு தடவை! இதோ, தண்ணி தானா பாயுது. திங்கட்கிழமை நான் ரயில் நிலையத்துக்குப் போறேன். 'போட்டுவிட்டால் போய்த் தேடுங்கள்'னு எழுதினது யாரு? அவங்க மட்டும் அதை எழுதலைன்னா நான் தேடியே இருக்க மாட்டேன்."

அண்ணன் கைதட்டினான். அப்பா அவசரமாக அலமாரியில் இருந்து தன் தொப்பியை எடுத்து மிளகின் தலையில் கவிழ்த்தார். அது மூக்கு வரை இறங்கியது.

சரியாக ஆறு மணிக்குப் பக்கம் வெளியானது. அதன் அடியில், கையேட்டுக்கு உதவியவர்களின் பட்டியலில், அம்மா ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'மிளகு: நாலாவது படியில் நின்றவர்.'

"அநியாயம்! தொப்பி கொடுத்தது நான்தானே?" என்றான் அண்ணன்.

"கொடுத்ததாலதான்டா உன் பேர் இல்ல" என்றாள் அம்மா.

இரண்டு வாரம் கழித்து, வாசலில் தபால்காரர் ஒரு பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிளகுன்னு எழுதியிருக்கு. உள்ள மிளகா, இல்ல இங்க மிளகுன்னு ஆள் இருக்கா?"

"ஆள்தான். நான்தான்!"

பொட்டலத்தில் பூ விதைகள் இருந்தன. கூடவே பண்ணை அம்மா எழுதிய ஒரு சீட்டு: 'எப்படி நடுவது என்று எழுதவில்லை. நீ எங்கே நிற்கிறாய் என்று எழுது.'

மிளகு சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். தபால்காரர் படி இறங்கிக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"மாமா, மாமா! உங்களுக்குப் பூட்லோடர் பத்தி ஏதாவது தெரியுமா?"

"தெரியாதேம்மா. ஏன்?"

"ஐயோ, ரொம்ப நல்லது! அடுத்த வருஷம் வரைக்கும் தயவுசெஞ்சு எதையும் தெரிஞ்சுக்காதீங்க!"