காலியாகத் திரும்பிய தட்டு

இல்லாத ஒரு மனிதருக்குப் போன மதியச் சாப்பாட்டுத் தட்டு காலியாகத் திரும்பி வந்திருந்தது.

ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து டார்லா போன் செய்தாள். "டாக்டர், உங்க ஆர்வின் சோல்பெர்க் உருளைக்கிழங்கை வழிச்சுச் சாப்பிட்டிருக்காரு. ஜெல்லியைத்தான் தொடவே இல்ல."

"அப்படி ஒரு ஆளே கிடையாது டார்லா. சோதனைக்காகக் கம்ப்யூட்டர்ல நானா உண்டாக்கின நோயாளி."

"அப்ப உங்க கம்ப்யூட்டருக்கு நல்ல பசி," என்று சிரித்தபடி வைத்துவிட்டாள்.

தப்பு டாக்டர் மார்லீஸுடையதுதான். சோதித்துப் பழகுவதற்கென்று கணினியின் நகல் ஒன்று தனியாக இருக்க, சோம்பல்பட்டு ஆஸ்பத்திரியின் நிஜக் கணினியிலேயே ஆர்வினைப் பதிந்துவிட்டாள். சாப்பாடு போனது அதனால். சரி, சாப்பிட்டது யார்?

அவசரப் பிரிவில் நாளெல்லாம் மனிதர்களைத் தொட்டுப் பார்த்த டாக்டர் அவள். மருத்துவக் கணினிப் பயிற்சிக்கு வந்தபின் மூடிய பழைய வார்டில் ஒரு மேஜைதான் துணை. கூடப் பயில்பவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். டுலூத் நகரின் குளிர்காலத்தில் சாயங்காலமே கும்மிருட்டு. ஏரிக்காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டே இருக்கும். பேச ஆளில்லாத கொடுமையில்தான் ஆர்வினுக்கு ஒரு முட்டிவலியையும், எட்டிப்பார்க்காத ஒரு மகளையும் கொடுத்தாள். காலையில் வந்ததும் அவரிடம் நலம்கூட விசாரிப்பாள். பாவம், அவளுக்கும் வேறு யார் இருந்தார்கள்?

இன்று ஆர்வின் சாக வேண்டும். ரத்த அழுத்தம் விழும்போது அலாரம் சரியாக அடிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்; நாளை அது எல்லா வார்டுக்கும் போகிறது.

தொண்ணூறு என்று அடித்தாள். மேஜைக்குப் பின்னாலிருந்த தடுப்புக்கு அப்பால், காலிக் கட்டில்கள் கிடக்கும் பக்கம், யாரோ இருமினார்கள். ஹீட்டர் குழாயாக இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

எழுபது. அலாரம் அடிக்கவில்லை. இருமல் முனகலாயிற்று. பல நாள் படுத்த உடம்பின் புளித்த வாடை தடுப்பைத் தாண்டி வந்தது.

அறுபது.

"டாக்டர்... மூச்சு முட்டுது."

அவசர அவசரமாக நூற்றிருபது என்று மாற்றினாள். முனகல் அடங்கி, மூச்சு சீரானது. கோட்டை எடுத்துக்கொண்டு கதவுக்கு ஓடினாள்.

"போகாதீங்க டாக்டர். என்னைப் பார்க்க வேற யாரு வருவா?"

திரும்பிப் பார்த்தாள். திரையில் எண் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. நூறு. தொண்ணூறு. தடுப்புக்குப் பின்னால் ஒரு கிழவர் மூச்சுக்குத் திணறினார். எந்த நோயாளியையும் சாகவிட்டுப் போய்ப் பழக்கமில்லை அவளுக்கு.

வந்து உட்கார்ந்தாள். நூற்றிருபது.

இறங்கியது. மறுபடியும் அடித்தாள்.

காலை இழுக்கும் சத்தம். அருகில். இன்னும் அருகில். நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

ஐந்து விரல்கள் தோளில் அமர்ந்தன. பனிக்கட்டிக் குளிர். அவள் திரும்பவில்லை. நூற்றிருபது என்று அடித்தாள்.

தோளின் மேல் அந்த விரல்கள் மெல்ல மெல்லச் சூடாயின.