ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகள்

தும்பிக்கு ஒன்றுமே புரியவில்லை.

"அப்பா, படத்தைப் பின்னாடி ஓட்டுறாங்களா?"

திரையில் ராக்கெட்டின் அடிப்பகுதி வானத்திலிருந்து இறங்கி, கடலில் மிதந்த மேடைமேல் காலை விரித்து நின்றது. சற்று முன்புதான் அது நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலே போயிருந்தது.

"இல்ல கண்ணு. மேல் பகுதியைத் தள்ளிவிட்டுட்டு அது திரும்பி வந்துருச்சு. மறுபடி அனுப்பலாம்ல?"

"நீங்க கடைக்குப் போனா பையை விட்டுட்டு வர்றீங்க. இது மட்டும் ஒழுங்கா வருதே!"

கொட்டகையில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

துறைமுகத்து ஓரத்தில் இருந்தது அந்தக் கொட்டகை. ராக்கெட்டின் மூக்கை மூடியிருக்கும் பெரிய மூடி, மேலே போனதும் இரண்டு பாதியாகப் பிரிந்து பாராசூட்டில் கடலில் விழும். படகு போய் அள்ளி வரும். அப்பா அவற்றை உப்புப் போகக் கழுவி, காயவைத்து, இருக்கும் இடத்தைச் சொல்லும் சிக்னல் பெட்டிகளை மாட்டி, அடுத்த பயணத்துக்கு அனுப்புவார்.

படகின் தலைவி அம்மா. இன்றுதான் அவருக்கு அந்தப் பொறுப்பில் முதல் பயணம். காலையில் இருப்புக் கொள்ளாமல் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

திரையில் சிக்னல் பெட்டிகளைக் காட்டும் இரண்டு புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக மின்னின.

"ரெண்டு பாதியும் ஒரே இடத்துல! வேலை மிச்சம்!" என்று கையைத் தேய்த்துக்கொண்டார் மேலாளர்.

வயர்லெஸ் கரகரத்தது. அம்மாவின் குரல்.

"சார், இங்க ஒரு பாதிதான் மிதக்குது. படகைச் சுத்திச் சுத்தி ஓட்டி எனக்குத்தான் தலை சுத்துது."

"அப்ப இன்னொண்ணு முங்கிடுச்சு. போனது போகட்டும், திரும்பிடுங்க."

"சரி சார்" என்றார் அம்மா. அவ்வளவு சின்னக் குரலில் அம்மா பேசித் தும்பி கேட்டதே இல்லை.

தும்பிக்கு மண்டை குழம்பியது. "அப்பா, பெட்டி தண்ணிக்கடியில போனா சிக்னல் வருமா?"

"வராது."

"அப்ப ரெண்டு புள்ளி எப்படித் தெரியுது?"

அப்பா திரையைப் பார்த்தார். மேலாளர் அப்பாவைப் பார்த்தார். தும்பி வயர்லெஸ்ஸிடம் ஓடினாள்.

"அம்மா! அந்தப் பாதிக்குள்ள எத்தனை பெட்டி இருக்கு?"

"ஒண்ணுதான்... இரு, இரு. ஐயையோ! ரெண்டு இருக்கு!"

அப்பா தொப்பென்று வாளிமேல் உட்கார்ந்தார். "ஒண்ணை மாட்டிட்டுச் சாப்பிடப் போனேன். வர்றதுக்குள்ள கிரேன்காரர் ரெண்டு பாதியையும் இடம் மாத்திட்டார்போல. ரெண்டாவதையும் அதுலயே மாட்டித் தொலைச்சிட்டேன்."

மேலாளரின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார்.

"சார், அப்புறமா திட்டிக்கலாம்" என்று குறுக்கே வந்தாள் தும்பி. "இன்னொரு பாதி முங்கல. பெட்டி இல்லாம சும்மா மிதந்துக்கிட்டே போகுது!"

மேலாளர் திறந்த வாயை வயர்லெஸ் பக்கம் திருப்பினார். "கண்ணால தேடுங்கம்மா! காத்து போற பக்கமா போங்க!"

காத்திருந்தார்கள். மூடி கழுவத் திறந்த குழாயை அப்பா மூட மறந்துவிட்டார். தண்ணீர் அவர் காலைச் சுற்றி ஓடியது. மேலாளர் நகம் கடித்தார்.

கரகர.

"கிடைச்சிருச்சு!" அம்மா கத்தியதில் வயர்லெஸ்ஸே அதிர்ந்தது. "உள்ள ரெண்டு பறவை உக்காந்து ஜாலியா சவாரி போகுது. விரட்டினா என்னையே முறைக்குது!"

மாலையில் படகு கரை சேர்ந்தது. இரண்டு பாதிகளும் பத்திரமாக இருந்தன.

"பெட்டி மாட்டின மகராசன் எங்க?" என்றார் அம்மா.

அப்பா தும்பிக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். பாதி உடம்புகூட மறையவில்லை. அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்கு எப்படிடி தோணுச்சு?"

"எனக்கு எதுவும் தோணலம்மா. புரியல, கேட்டேன்."

அம்மா அவளை அலாக்காகத் தூக்கி, படகோட்டும் இருக்கையில் உட்காரவைத்தார்.