மாதையனுக்கு ஒரு சோதனை வேலை

சகலருக்கும் இதனால் அறிவிப்பது: மல்லசமுத்திரத்து போர்வெல் ரிக் முதலாளி அன்பரசு, இன்று நண்பகல் முதல் கிளவுடுக்கு மாறுகிறார்.

போர் போட யாராவது அழைத்தால், இணையத்தில் இருக்கும் தானியங்கிச் சேவை, ஆபீஸ் கம்ப்யூட்டரின் டேட்டாபேஸில் ஆளைத் தேடி, அவர் போனுக்குச் செய்தி அனுப்பி, பதிலையும் அங்கேயே பதிந்துவிடும். இரண்டையும் இணைக்க அஸ்தம்பட்டியிலிருந்து ஆரோன் வந்திருந்தான். அன்பரசு மோடத்துக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நறுக்கி, நெஞ்சை நிமிர்த்தினார்.

"அமுக்குங்க சாமி!"

சோதனைக்குத்தானே என்று, ஆரோன் தன் வீட்டு முகவரியையே வேலையிடமாகப் போட்டு அமுக்கினான். சேவை மாதையன் என்ற டிரில்லரைத் தேர்ந்தெடுத்தது.

உடனே பதில்: "வாரேனுங்க."

"சுறுசுறுப்பான ஆளா இருக்காருங்க," என்றான் ஆரோன்.

அன்பரசுவின் நெஞ்சு இறங்கியது. "அவன் போர் ராடு மேல உழுந்து செத்து வருசமாச்சுங்க. ராசிக்காரன். லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்தாத் தண்ணி கெடைக்காதுன்னு உட்டு வெச்சிருக்கோம்."

"அப்ப போன் யாருகிட்ட இருக்கு?"

"அது போர்க்குழிக்குள்ள போயிருச்சுங்க."

நட்டநடுப் பகலில் அறை குளிர்ந்தது. போர்க்குழியிலிருந்து கிளம்பும் ஈரப் பாறைத்தூளின் வாசம் எங்கிருந்தோ மெல்ல ஏறியது.

திரையில் அடுத்த செய்தி: "கெளம்பிட்டேனுங்க."

ஆரோன் வேலையை ரத்து செய்தான். அது திரும்ப வந்து உட்கார்ந்தது.

கேபிளைப் பிடுங்கினான்.

"அஸ்தம்பட்டி வந்தாச்சுங்க."

பிளக்கைப் பிடுங்கினான். திரை அணையவில்லை.

வீட்டில் அவன் மனைவி நான்சி தனியாக இருந்தாள். அவளை அழைத்தான்.

"ஏங்க, வாசல்ல ஒரு அண்ணன் நிக்கறாரு," என்றாள். "உடம்பெல்லாம் சேறு. நீங்கதான் வரச் சொன்னீங்களாமே?"

"கதவைத் திறக்காதே!"

"தாகமா இருக்குன்னாருங்க. பாவம், உள்ளதான் உக்காந்திருக்காரு."

பிறகு பாறையை ராடு கடையும் கரகரப்பு மட்டும் போனில் கேட்டது. அது கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது.

அன்பரசு ஆரோனின் காதருகே குனிந்தார். "தண்ணி வந்துருச்சுங்களா?"

போன் அடங்கியது. திரையில், மாதையனின் பெயருக்குக் கீழே, யாரும் தட்டாமலே புதிய வரி ஒன்று விழுந்தது.

ஹெல்பர்: நான்சி.

இணைப்பில் ஒரு பிழையும் இல்லை.