விலாசத்துக்கு ஒரு குழந்தை

வீட்டு விஷயத்தில் பத்ரி எக்செல்லைத்தான் நம்பினான். பதினான்கு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஆபீஸ் தூரம், வாடகை, பள்ளி என்று மதிப்பெண். கேட்காதவர்களுக்கும் லேப்டாப்பை விரித்து விளக்குவான். கடைசியில், மனைவி கிரிஜாவின் ஆபீஸுக்குப் பக்கம் என்று கோந்த்வாவில் குடியேறினார்கள். எக்செல்லில் அது ஒன்பதாவது.

ஆனால் மகள் மீனுவுக்கு அவன் பார்த்து வைத்திருந்த பள்ளி ஊரின் மறுகோடியில், விஷ்ராந்த்வாடியில். பெயரில் இன்டர்நேஷனல் உண்டு. ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் குழந்தைக்கு இடம் கிடையாது. எனவே பள்ளிக்குப் பின்தெருவில் வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த ஃப்ளாட்டை, சல்லிசான வாடகைக்கு, பதினோரு மாத ஒப்பந்தத்தில் எடுத்தான். குடியிருக்க அல்ல. விலாசத்துக்கு. நம்பும்படி இருக்கட்டும் என்று படிவத்தில் பள்ளி பஸ்ஸையும் கேட்டு வைத்தான்.

சனிக்கிழமை வீட்டைப் பார்க்க டீச்சர் வருவார் என்று தகவல் வந்தது. இரண்டு நாற்காலி, ஒரு காலண்டர், கொடியில் போட நாலு துணி என்று ஒரு குடித்தனத்தையே காரில் ஏற்றினார்கள்.

"செருப்பு நாலு ஜோடி எடுத்துக்கோ, கிரிஜா. அப்பத்தான் மனுஷா இருக்கற மாதிரி இருக்கும்," என்றான் பத்ரி.

எக்செல்படி ஐம்பது நிமிஷம். சாலையில் இரண்டு மணி நேரம். பின்சீட்டில் மீனு தூங்கிப் போனாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தார். உங்கள் பெண் ரொம்பச் சமர்த்து என்று ஹிந்தியில் சொன்னார். ஜன்னல் கம்பி வழியாகத் தண்ணீர் கொடுத்தாளாம். மீனாக்ஷியா என்று கேட்டதற்குத் தலையாட்டினாளாம். இடம் உறுதி. ஒன்றே ஒன்று: இனிமேல் குழந்தையை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

கிரிஜா திரும்பிக் காரைப் பார்த்தாள். மீனு வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாடியில் கதவு பூட்டியிருந்தது.

சாவி பத்ரியின் பையில்.

உள்ளே அடைபட்ட வாடை. அதனூடே மெல்லிய தைல நெடி. தரை முழுக்கத் தூசி, அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. ஜன்னல் மேடையில் எவர்சில்வர் டம்ளர்.

ஈரமாக இருந்தது.

எதிர்வீட்டு விசாலாக்ஷி மாமி தன் வாசலைத் தாண்டாமலே விஷயத்தைச் சொன்னாள். முன்பு இங்கே ஸ்டீபன் என்பவர் குடும்பம் இருந்தது. இதே பள்ளிக்காகத்தான் இந்த வீடு. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேலை தூரத்தில், ஹிஞ்சவடியில். மகள் ரீனாவுக்கு ஆறு வயது. பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தபோது, பார்த்துக்கொள்கிறவள் வரவில்லை என்று குழந்தையை வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். மூச்சிரைப்பு வந்து குழந்தை போன் செய்திருக்கிறாள்.

"டிராஃபிக்கு, வந்துண்டே இருக்கோம்னு பெத்தவா சொல்லிருக்கா," என்றாள் மாமி. "பாவம், நெஜமாவே வந்துண்டுதான் இருந்தா."

திரும்பும் வழியில் ஒரு சிக்னலில் பத்ரி மெல்ல ஆரம்பித்தான். "சீட் கன்ஃபர்ம் ஆயிடுத்தே, கிரிஜா."

"ஆமா. நம்ம பொண்ணுக்கு இல்லை."

மீனுவைக் கோந்த்வாவிலேயே, பெயரில் எந்தத் தேசமும் இல்லாத பள்ளியில் சேர்த்தார்கள். நடந்தே போகலாம். பத்ரி விலகல் மெயில் அனுப்பினான். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, காலை ஏழேகாலுக்குக் கிரிஜாவின் போனில் செய்தி.

மீனாக்ஷி பஸ்ஸில் ஏறினாள்.

மீனு எதிரே உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். மென்பொருள் கோளாறு என்று பத்ரி பத்து நிமிஷம் விளக்கினான். போனை மட்டும் கையில் வாங்கவில்லை.

இரண்டாவது வாரம் வகுப்பு டீச்சர் எழுதியிருந்தார்: மீனாக்ஷி நன்றாகப் படிக்கிறாள். ஆனால் தினமும் டிபன் இல்லாமல் வருகிறாள். கேட்டால், அம்மா வந்துகொண்டிருக்கிறாள் என்கிறாள்.



மறுநாள் விடியுமுன் கிரிஜா இரண்டு டப்பாக்களில் தயிர்சாதம் கட்டினாள். ஒன்று மீனுவுக்கு. இன்னொன்றை எடுத்துக்கொண்டு தனியாக விஷ்ராந்த்வாடிக்குப் போனாள். ஜன்னல் மேடையில் வைத்தாள். கதவின் பூட்டைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் ஆபீஸ் முடிந்து மறுபடி போனாள்.

டப்பா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.