உள்ளங்கை ஸ்ரீசூர்ணம்

டியூபில் ஒரு மடிப்புகூட இல்லை.

குழந்தையின் சாக்ஸைத் தேடிக் கணவனின் அலமாரியைத் துழாவியபோது மாலினியின் கையில் அது அகப்பட்டது. மூக்குக்குள் தடவும் களிம்பு. தன்னுடையதை அவள் வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டி ஏறக்குறையத் தீர்த்துவிட்டாள். சௌரிராஜனுடையது கடையிலிருந்து வந்தபடியே கனத்தது. மூடியைத் திருகினாள். குத்தித் திறக்க வேண்டிய மெல்லிய தகடு கிழியாமல் பளபளத்தது.

மூன்று மாதங்களுக்கு முன் சிசேரியன் தையலில் சீழ் கோத்தபோது தென்னூர் டாக்டர் பிரேமலதா நிதானமாகத்தான் சொன்னாள். "சாதாரண மாத்திரைக்கு மசியாத கிருமிங்க இது. வேற மருந்து இருக்கு, புண்ணு நல்லா ஆறிடும்."

"திரும்ப வராதா டாக்டர்?"

"அது உங்க வீட்டுலதான் இருக்கு. இந்தக் கிருமி மூக்குல சத்தமில்லாம தங்கும். உங்க வீட்டுக்காரர் மூக்குலயும் இருக்கு. அவரை ஒண்ணும் பண்ணாது. ரெண்டு பேரும் சேர்ந்து அஞ்சு நாள் களிம்பு போடுங்க. ஒருத்தர் விட்டாலும் வீண்."

புண் ஆறியது. போன மாதம் தொடையில் கட்டி வந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி களிம்பு. இன்று நான்காம் நாள்.

ஸ்ரீரங்கத்து வீட்டின் காலைகளில், கொடியில் உயரே உலர்ந்த மடி வேஷ்டியின் வாசனையும் பச்சைக் கற்பூரமும் அவளுடைய டெட்டால் நெடியும் ஒன்றாய்க் கலந்து கூடத்தில் தேங்கி நிற்க, பூஜையறையான பெருமாள் உள்ளின் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து மூக்கை இழுத்து உறிஞ்சும் சத்தம், துளைக்கு ஒன்றாக, சரியாக இரண்டு முறை கேட்கும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவள் குழந்தையை அவன் மடியில் விட்டாள்.

டியூபைக் கையில் பிடித்தபடி கதவருகே நின்றாள்.

உள்ளே உறிஞ்சும் சத்தம். ஒன்று.

இரண்டு.

"ஏன்னா, களிம்பு போட்டுண்டாச்சா?" அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது.

"ஆச்சு, ஆச்சு. வேப்பெண்ணெய் தோத்துது போ. தொண்டை வரைக்கும் கசக்கறது."

கதவைத் தள்ளினாள். நெற்றித் திருமண் ஈரமாக மூக்குத் தண்டுவரை இறங்கியிருந்தது. மூக்கு நுனியைத் துடைத்த அதே விரலால் சௌரிராஜன் இடது உள்ளங்கையில், திருமண் நடுவே இடும் சிவப்பு ஸ்ரீசூர்ணத்தைக் குழைத்துக்கொண்டிருந்தான். டியூபைப் பார்த்தான். விரல் நின்றது.

"எந்தக் கொழுப்பைப் போட்டு அரைச்சிருக்கானோ. அதை மூக்குக்குள்ள அப்பிண்டு பெருமாளை எப்படித் தொடறது?"

"என்னைத் தொட்டேளே."

பழக்கத்தில் அவன் இடது கை அவள் பக்கம் நீண்டது. கல்யாணமான மறுநாளிலிருந்து அவன் இட்டுக்கொண்டது போக மீதியைத்தான் அவள் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்கிறாள். எத்தனை காலைகள். புண் திறந்திருந்த காலைகளிலும். அந்த விரலோடுதான் கட்டு மாற்றப் போவாள்.

அவள் அசையவில்லை.

"கோச்சுக்காதே. சத்தியமா நாளையிலேர்ந்து போட்டுக்கறேன்."

நாளை.

அவள் கண் அவன் உள்ளங்கையிலேயே இருந்தது. சிவப்பின் ஓரத்தில் ஒரு சின்ன விரல் வழித்தெடுத்த தடம். அவளுடையது இல்லை.

"இது யார் தொட்டது?"

"குழந்தைதான். சித்த முன்னாடி தூளிகிட்ட போனேன், கையை விட்டு அளைஞ்சுட்டா. நானே நெத்தியில ஒரு பொட்டு வெச்சேன். நாலு நாளா அவளுக்கு வெச்சு விட்டுண்டுதானே இருக்கேன், நீ பாக்கலையா?" சிரிக்கப் பார்த்தான். "சிரிச்சிண்டே காட்டறது."

இன்று சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை.

கூடத்துக்கு ஓடினாள். தூளி ஆடவில்லை. உள்ளே குழந்தை கண் மூடிக் கிடந்தது. நெற்றி நடுவில் சிவப்புப் பொட்டு. வட்டமாக.

ஈரத்துணியால் துடைத்தாள். ஸ்ரீசூர்ணம் துணியோடு வந்துவிட்டது.

சிவப்பு போகவில்லை.

மறுபடி துடைத்தாள். பொட்டு இருந்த இடம் லேசாக மேடிட்டிருந்தது. பளபளத்தது. அவள் விரலுக்கடியில் கொதித்தது.

பின்னால், வெகு அருகில், மூக்கை உறிஞ்சும் சத்தம்.

ஒன்று.