மடிப்பகத்தில் உயிர் இல்லை

மணற்குன்றம் ரயில் நிலையத்தில் காலை வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் கட்டைவிரலைத் தலையில் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். தலையின் எண்ணெய்ப் பசை விரலில் ஒட்டினால்தான் ரேகைக்கல் ஒரே தடவையில் ரேகையை வாங்கிக்கொள்ளும். வாங்கியதும், எதிரே நிற்கும் கார் புடவைக் கொசுவம் போல மடிந்து மடிந்து, சுவரில் இருக்கும் ஒரு விரற்கடை இடுக்குக்குள் போய்விடும். மாலையில் அதே விரலை வைத்தால் அதே கார் வெளியே வரும். ஆயிரம் கார்களை ஒரு சுவருக்குள் அடக்கிய இந்த ஏற்பாட்டுக்கு மடிப்பகம் என்று பெயர்.

ரேகையின் சுழிப்படியேதான் இடம் மடிகிறது. அதனால் நிறுத்தியவர் விரலைத் தவிர வேறு எதற்கும் கார் வராது. ரேகையின் நகலை நிர்வாகம் எங்கும் சேமித்து வைக்கக் கூடாது, மாற்றுச் சாவி என்ற பேச்சே கூடாது என்று கொடி பிடித்து வாங்கிக் கொடுத்தது பயணிகள் நலச் சங்கம். அதன் செயலாளர் தணிகைவேல், காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், அந்த வெற்றிக்காகப் போர்த்திய பொன்னாடையை இன்னும் வைத்திருந்தார்.

மடிப்புக்குள் காலம் நகராது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, அது பாட்டுக்கு அமைந்துவிட்டது. முதலில் கண்டுபிடித்தவர் ஜேக்கப். காலையில் வாங்கிய வஞ்சிர மீனைக் காரில் மறந்து வைத்துவிட்டுப் போனார். மாலையில் அது செவுள் சிவப்பு மாறாமல் இருந்தது. அப்புறம் பால் வைத்தார்கள், பூ வைத்தார்கள். பிறகு யாரோ ஒருவர் தூங்கும் பிள்ளையை வைத்தார். மடிப்பகத்தில் உயிருள்ள எதையும் விடக் கூடாது என்று வாசலிலேயே பெரிதாக எழுதியிருந்தது. மீறினால் ஓட்டுநர் உரிமம் பறிபோகும். ஆகவே எல்லோரும் வைத்தார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

தணிகைவேலும் வைத்தார். மனைவி சுகுணாவுக்கு எதிர்த்திசையில் ஆஸ்பத்திரி வேலை. காப்பகத்தில் விட்டால் மகள் நிலானி அழுது அழுது காய்ச்சலை இழுத்துக்கொள்வாள். தூங்கும்போதே பின் இருக்கையில் படுக்க வைத்து உள்ளே அனுப்பினால், அவளுக்குப் பகல் என்ற ஒன்றே கிடையாது. காலையில் தொடங்கிய கொட்டாவியை மாலையில் முடித்துவிட்டு, "வந்துட்டமாப்பா?" என்பாள். வயதுக்குத் தகுந்த வளர்த்தி இல்லையே என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, எங்கள் பக்கத்து உடல்வாகு என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

இவ்வளவு வசதி இருந்தால் கூட்டம் சேராமல் இருக்குமா. பேருந்தில் வந்தவன் கார் வாங்கினான், சைக்கிளில் வந்தவனும் வாங்கினான். இடுக்குகள் நிரம்பிச் சாலை அடைத்துக்கொண்டது. தணிகைவேல் மனு கொடுத்தார், உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கடைசியில் மடிப்பகத்தை விரிப்பதற்கு அனுமதி வந்தது.

பொறியாளர் மெஹருன்னிசா ஞாயிறு இரவு வேலையைத் தொடங்கலாம் என்றார். அப்போது உள்ளே ஒரு கார்கூட இருக்காது.

தணிகைவேல் நாட்காட்டியைக் கிழித்துப் பார்த்தவர் மாதிரி முகம் சுளித்தார். "ஞாயித்துக்கிழம கரிநாள் மேடம். புதன்கிழம காலைல நல்ல நேரம் இருக்கு. தொடங்கி வைக்கிற விருந்தினரும் அன்னிக்குத்தான் வராங்க."

"புதன்கிழம உள்ள ஆயிரம் வண்டி நிக்குமே சார்."

"வேலைய ஞாயித்துக்கிழமையே வெச்சுக்கங்க. பொத்தான் அமுக்குறது மட்டும் நல்ல நேரத்துல நடக்கட்டும். ஆனா அமுக்குனா ஏதாவது ஓடணும். சும்மா டப்பாவ அமுக்கச் சொன்னா அவங்களுக்கு மரியாதையா இருக்காது."

மெஹருன்னிசா அரைமனதாக ஒத்துக்கொண்டார். ஒரு மயிரிழை மட்டும் விரித்துக் காட்டிவிட்டு நிறுத்திவிடலாம்.

புதன்கிழமை பந்தல், நாதஸ்வரம், சுண்டல் எல்லாம் அமர்க்களப்பட்டன. விருந்தினர் பொத்தானில் விரலை வைக்கும் முன் மெஹருன்னிசா ஒலிபெருக்கியை வாங்கினார். "ஒரு நிமிஷம். வெறும் பொருள்தான் இருக்குன்னா விரிக்கிறத எப்ப வேணாலும் நிறுத்திக்கலாம். உயிர் இருந்தா முடியாது. அது கிழியக் கூடாதுன்னு மடிப்பு தானா மெதுவாயிடும், முடியிற வரைக்கும் திறக்காது. உள்ள உயிர் ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, யாருக்கும் அபராதம் கிடையாது."

தணிகைவேல் மேடையில், விருந்தினருக்கு இடப்பக்கம் நின்றிருந்தார். செயலாளரே கை தூக்கினால் சங்கத்தின் மானம் என்ன ஆகும்? அபராதம் கிடையாது என்று சொல்லித்தான் எப்போதும் பிடிப்பார்கள். அதோடு, ஒரு மயிரிழைதானே. வேறு யாராவது தூக்கினால் பின்னாலேயே நாமும் தூக்கலாம் என்று கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்படி யாரும் வைக்க மாட்டாங்க மேடம்," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பொத்தான் அமுங்கியதும் சுவர் மெல்ல ஒரு முறை அதிர்ந்தது. இடுக்குகள் எல்லாம் ஒட்டிக்கொண்டன. மெஹருன்னிசா திரையைப் பார்த்தார், பிறகு தணிகைவேலைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தணிகைவேலால் சாகும்வரை மறக்க முடியாது.

விரிப்பு முடிய இருபத்திரண்டு வருடம் ஆகும் என்று கணக்கு சொன்னது.

சுகுணா அன்று அழவில்லை. வீட்டுக்கு வந்து, நிலானியின் பால் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கேட்டாள். "மேடையில அவங்க பக்கத்துலதான நின்னீங்க. ஒரு வார்த்த சொல்ல வாய் வரலியா?" மூன்றாம் வருடம் அவள் தன் அக்காள் வீட்டோடு போய்விட்டாள்.

நிலையத்தின் மேற்குப் பக்கம் புது மடிப்பகம் வந்தது, ரயில்கள் எப்போதும் போல ஓடின. தணிகைவேல் அலுவலக வேலையை விட்டுவிட்டு, அந்த ஒட்டிய சுவரைக் கழுவும் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். ப்ளீச்சிங் பவுடரைக் கையால் கரைத்துத் தினமும் சுவரைத் தேய்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அதே கொட்டாவியோடு இருக்கிறாள் என்பதும், அவளுக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை என்பதும்தான் அவருக்குக் கிடைத்த ஆறுதல். அந்த ஆறுதல் சில நாள் கத்தியாகவும் குத்தியது.

சுவர் திறந்த அன்று பழைய ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் விரலைத் தலையில் தேய்த்துக்கொண்டார்கள். பலருக்குத் தலையில் முடி இல்லை. ஜேக்கப்பின் கார் முதலில் வந்தது. பின் இருக்கையில் ஒரு மீன், செவுள் சிவப்பு மாறாமல் கிடந்தது. அவர் கதவைத் திறந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைச் சமைக்க வேண்டிய மனைவி போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

தணிகைவேல் கட்டைவிரலை ரேகைக்கல்லில் வைத்தார்.

"நிறுத்தியவர் நேரில் வரவும்," என்றது கல்.

"நான்தாம்மா," என்றார்.

துடைத்து வைத்தார். எண்ணெய் தடவி வைத்தார். ஊதி, உரசி, சாய்த்து வைத்தார். இருபத்திரண்டு வருடச் சுவரும் ப்ளீச்சிங்கும் அந்த விரலை வழவழவென்று ஆக்கியிருந்தன. வரிசையில் பாதிப் பேருக்கு இதே கதிதான். வயதாகும்போது ரேகை தேயும் என்பதை மாலைவரை மட்டுமே கார் நிறுத்தும் இடத்தில் யார் நினைத்துப் பார்த்தார்கள்? நகல் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார். சங்கம்தானே வேண்டாம் என்றது என்று அலுவலகத்தில் மரியாதையாகச் சொன்னார்கள்.

அவர் வேலையை விட்டார். விரலைத் தண்ணீரில் நனைக்காமல் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு, தினமும் வந்து கல்லில் வைத்தார். கல் தினமும் அதையே சொன்னது. அதற்குள் விரிந்த இடமெல்லாம் நிரம்பி, மறுபடியும் சாலை அடைத்துக்கொண்டது. புதுச் சங்கம் மனு கொடுத்தது. இரண்டாம் விரிப்புக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் குறித்தார்கள்.

மறுபடியும் பந்தல், சுண்டல். இளம் பொறியாளன் ஒருவன் கைப்பலகைத் திரையைப் பார்த்து, விதிப்படி கேட்க வேண்டியதை ஒரே மூச்சில் கேட்டான். "உள்ளே உயிர் ஏதும் இல்லையே?"

"இருக்கு," என்றார் தணிகைவேல். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "எம் பொண்ணு இருக்கா. நாலு வயசு. தயவுசெஞ்சு அமுக்காதீங்க தம்பி."

பொறியாளன் நல்லவன்தான். உடனே கீழே இறங்கி வந்து, அவர் கையைத் தானே பிடித்து ரேகைக்கல்லில் வைத்தான். கல் தன் ஒரே வாக்கியத்தைச் சொன்னது. அவன் கைப்பலகையைப் பார்த்தான்.

"ரேகை சேரலன்னா உங்க பேர்ல வண்டியே இல்லன்னுதான் காட்டுது சார்," என்றான் இரக்கத்தோடு. "கொஞ்சம் நிழல்ல உக்காருங்க."

தணிகைவேல் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க. உள்ள இருக்குன்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

அவருக்கு அருகில், அலுவலகப் பையைத் தோளில் மாட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். பை பாதி திறந்திருந்தது. உள்ளே குழந்தையின் பால் புட்டி தெரிந்தது. அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பையின் வாயை மூடிக்கொண்டு மேடையைப் பார்த்தாள். மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டத் தொடங்கினாள்.